கையின் கணக்கு

மின்சாரம் தடைப்பட்ட இரவில் மாடிப்படி இறங்கிய அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை? இன்னும் ஒரு படி இருக்கிறதென்று எண்ணிக் காலை இறக்குகிறோம். ஆனால் தரை வந்துவிட்டது. இல்லாத படியை நாடி இறங்கிய கால் தரையில் மோத, முதுகெலும்பு வரை அதிர்ச்சி பாய்கிறது. உயரம் என்னவோ ஒன்றுமில்லை. தரை எங்கே இருக்கும் என்று உடல் முன்னதாகவே போட்டு வைத்திருந்த கணக்கு பொய்த்துப்போயிற்று. அதனால் விளைந்த அதிர்ச்சியே அது.

நடப்பதும், எழுதுவதும், ஊசியில் நூல் கோப்பதும், திருப்பலியில் நற்கருணை பெறக் கை நீட்டுவதும் இத்தகைய முன்கணக்கின்படியே நடைபெறுகின்றன. கண்ணும் தோலும் அனுப்பும் செய்தி மூளையை அடைந்து, அங்கிருந்து கட்டளை பிறந்து தசையை அடைய, நொடியில் பத்தில் ஒரு பங்கேனும் ஆகிவிடும். வேகமாகச் செல்லும் கைக்கு அது நெடுநேரம். செய்தி வரட்டும் என்று காத்திருந்தால் தம்ளர் கவிழ்ந்துவிடும். ஆகவே உடல் ஊகிக்கிறது. ஊகம் தவறும்போது, அடுத்த ஊகத்தைத் திருத்திக்கொள்கிறது. எவ்வளவு திருத்துவது, எந்தச் செய்தியை நம்புவது என்பதில்தான் வியப்பெல்லாம் அடங்கியிருக்கிறது.

இதை எழுதத் தூண்டியது எங்கள் பங்கிலுள்ள ஒரு குடும்பம். அவ்வீட்டுப் பெரியவர் பல்லாண்டுகள் ஞாயிறு திருப்பலியில் ஆர்மோனியம் வாசித்தவர். பக்கவாதத்தால் அவருடைய வலக்கை தளர்ந்துபோயிற்று. மருத்துவமனையிலிருந்து அவர் வீடு திரும்பிய சில வாரங்களுக்குப் பின் காணச் சென்றிருந்தேன். மேசைமீது தம்ளரில் பால் இருந்தது. அவர் கையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், மாமா" என்றார் மருமகள். "அவசரப்படாதீங்கப்பா, மெதுவா" என்றார் மகன். "போதும், விடுங்க, நானே கொடுத்துடறேன்" என்று எழுந்தார் மனைவி. கை தம்ளருக்கு முன்னே நின்று நடுங்கி மடியில் விழுந்தது. மூவரும் அன்பினால் பேசியவர்களே. ஆயினும், தான் எங்கே தவறினோம் என்பது பற்றி அந்தக் கைக்கு அவ்வேளையில் என்ன செய்தி போய்ச் சேர்ந்திருக்கும் என்ற எண்ணம் வீடு திரும்பும் வழியெல்லாம் என்னை விடவில்லை.

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் மூத்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். கண்ணில் காணும் காட்சியைச் சற்றுப் பக்கவாட்டில் விலக்கிக் காட்டும் முப்பட்டகக் கண்ணாடியை அணிந்துகொண்டு ஒரு பொருளைத் தொட முயன்றால் என்ன நிகழும் என்று அவர் 1860-களில் விளக்கினார். முதலில் கை பொருளைவிட்டு ஒரு பக்கமாகச் செல்லும். சில தடவை முயன்றபின் பிழையின்றிச் சென்றடையும். அதன்பின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முயன்றால், கை எதிர்ப்பக்கமாகத் தவறும்! கண்ணாடி இல்லை என்பது நமக்கு நன்கு தெரியும். ஆனால் கைக்குத் தெரியவில்லை. அது கற்ற பாடத்தையே கடைப்பிடிக்கிறது. மீண்டும் சில தடவை தவறிய பிறகே பழைய கணக்குக்குத் திரும்புகிறது.

இத்தகைய பாடத்தில் பெரும்பங்கு ஏற்பது தலையின் பின்புறத்தில், பெருமூளைக்குக் கீழே அமைந்துள்ள சிறுமூளை. அமெரிக்காவில் செயின்ட் லூயி நகர ஆய்வாளர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர்கள் முப்பட்டகக் கண்ணாடி அணிந்து களிமண் உருண்டைகளை இலக்கை நோக்கி எறிந்தனர். உடல் நலமுடையோர் விரைவில் குறியைப் பிடித்தனர். சிறுமூளை பழுதுற்றோரோ எறிந்தும் எறிந்தும் பெரும்பாலும் அதே பிழையைச் செய்தனர். தவறினோம் என்று அவர்கள் கண்ணாரக் கண்டனர். ஆனால் கண்டது கைக்குப் பாடமாகவில்லை.

இனி, நாம் எடுத்துக்கொண்ட பொருளின் நடுவிடத்துக்கு வருவோம். பங்குப் பள்ளி மைதானத்தில் ஒரு சிறுவன் கூடையில் பந்து எறிகிறான். பந்து இடப்பக்கமாக விலகிப்போகிறது. அடுத்த முறை அவன் எவ்வளவு வலப்பக்கம் திருத்த வேண்டும்? விலகிய அளவு முழுவதுமா? பந்தைத் தள்ளியது காற்றாயின், அந்தக் காற்று ஓய்ந்ததும் முழுத்திருத்தமே புதிய பிழையாகிவிடும். அவனுடைய கையே பிசகியிருப்பின், திருத்தாமல் விடுவதும் குற்றமாகும். மாலை மங்கலில் பந்து எங்கே போயிற்று என்பதே சரிவரத் தெரியவில்லையாயின்? ஒவ்வொரு பிழையும் கையின் முன்னே சாட்சியாக வந்து நிற்கிறது. சாட்சியின் பேச்சு எவ்வளவு நம்பத்தக்கது என்று கை எடைபோட வேண்டியிருக்கிறது.

எடைபோடுகிறது என்று வெறும் உவமையாகச் சொல்லவில்லை. லண்டன் நகரில், குயின் சதுக்கத்திலுள்ள நரம்பியல் நிலையத்தில் கொன்ராட் கோர்டிங், டானியல் வோல்பர்ட் என்ற இருவர் இதனை அளந்தே காட்டினர். அவர்களது ஆய்வு 2004-இல் வெளிவந்தது. சோதனைக்கு வந்தவரின் கை அவருக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டது. கைக்குப் பதிலாக ஓர் ஒளிப்புள்ளியைக் கொண்டே அவர் தம் விரல் இருக்குமிடத்தை அறியவேண்டும். ஆனால் அந்தப் புள்ளியைக் கணிப்பொறி ஒவ்வொரு முறையும் சற்றே விலக்கிக் காட்டியது. விலகும் அளவு முறைக்கு முறை மாறினாலும், சராசரியாக வலப்பக்கம் 1 சென்டிமீட்டராக அமைந்தது. இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான முறை பழகியதில் கை தானாகவே அந்தச் சராசரியை உள்வாங்கிக்கொண்டது.

பின்னர் வந்தது உண்மையான சோதனை. கை பாதி தூரம் சென்றதும், புள்ளி ஒரு கணம் மட்டும் தோன்றி மறையும். சில முறை தெளிவான ஒற்றைப் புள்ளி. சில முறை சிதறிய புள்ளிக்கூட்டம், மேகம் போல. சில முறை ஒன்றுமே தோன்றாது. தெளிவாகக் கண்டபோது, கை கண்டதையே பெரும்பாலும் நம்பித் திருத்திக்கொண்டது. ஒன்றும் காணாதபோது, வழக்கம்போல் 1 சென்டிமீட்டர் விலகியிருக்கும் என்று கொண்டு திருத்திக்கொண்டது. மங்கலாகக் கண்டபோது இரண்டுக்கும் இடையில் நின்றது. புள்ளிக்கூட்டம் 2 சென்டிமீட்டர் விலகலைக் காட்டினால், 'கண்டது இரண்டு, வழக்கம் ஒன்று' என்று வைத்து, இடைப்பட்ட ஓரளவைத் தேர்ந்தது. மங்கல் மிகமிக, வழக்கத்தின் பக்கம் அதிகமாகச் சாய்ந்தது. கணித வல்லுநர் தாளில் எழுதிப் பெறும் விடைக்கு நெருங்கிய விடையை, பேச்சில்லாத கை தானே பெற்றுவிட்டது!

இக்கணக்கின் மூலம் ஒரு போதகரின் மேசையிலிருந்து கிடைத்தது என்பது நம் வாசகர்க்குச் சுவை தரலாம். தாமஸ் பேய்ஸ் என்பவர் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் பிரெஸ்பிட்டீரியன் சபைப் போதகராக இருந்தவர், 1761-இல் மறைந்தார். பழைய நம்பிக்கையையும் புதிய சான்றையும் எவ்வாறு இணைத்து நிகழ்தகவைக் கணிப்பது என்பது பற்றி அவர் எழுதி வைத்திருந்ததை அவருடைய நண்பர் ரிச்சர்டு பிரைஸ் தேடியெடுத்து, 1763-இல் லண்டன் அரச கழகத்தின் ஏட்டில் வெளிவரச் செய்தார். வாழ்நாளில் தாமே வெளியிடத் துணியாத ஒன்று, இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் கையின் அசைவை விளக்கப் பயன்படும் என்று அந்த எளிய போதகர் கனவிலும் கருதியிரார்.

கண்ணுக்கும் தொடுவுணர்வுக்கும் இடையிலும் இதே நியாயம் நடைபெறுகிறது. பெர்க்கிலியில் எர்ன்ஸ்ட், பாங்க்ஸ் என்போர் செய்து 2002-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு சிறு மேட்டின் உயரத்தைப் பார்த்தும் தொட்டும் மக்கள் மதிப்பிட்டனர். காட்சி தெளிவாயிருந்தபோது கண்ணின் சொல் வென்றது. காட்சியை வேண்டுமென்றே கலக்கியபோது விரலின் சொல்லுக்கு மதிப்பு உயர்ந்தது. உயிர்த்த ஆண்டவரைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்டதோடு அமையாமல், காயங்களைத் தொட்டறிய விரும்பிய நம் தோமையாரை ஐயப்பேர்வழி என்று ஏளனமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அவர் கேட்ட சான்று சற்று உயர்ந்த தரத்தது, அவ்வளவே. (இதிலிருந்து மறையுரை ஒன்றைப் பிழிந்தெடுக்கும் ஆசை எழுகிறது, அடக்கிக்கொள்கிறேன்.)

இதுவரை கூறியது ஒரே வகை ஐயத்தைப் பற்றியது: வந்த செய்தி மங்கல் என்னும் ஐயம். ஐயம் மற்றொரு வகையும் உண்டு. அது தன்னைப்பற்றிய ஐயம்: 'என் கை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, என் பழைய கணக்கு இன்னும் செல்லுமா' என்பது. இவ்விரண்டும் கற்றலை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன என்பதே நான் படித்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. குன்லின் வெய் என்பவரும் மேற்சொன்ன கோர்டிங்கும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், செய்தியை மங்கலாக்கியபோது கை மெதுவாகவே தன்னைத் திருத்திக்கொண்டது. தன் நிலை பற்றிய மதிப்பீட்டை உறுதியற்றதாக்கியபோதோ, முன்னைவிட விரைவாகத் திருத்திக்கொண்டது. எண்ணிப் பார்த்தால் இது நியாயமே. தன் கணக்கில் உறுதியாயிருப்பவன் புதிய செய்தியை ஏன் பொருட்படுத்த வேண்டும்? தன் கணக்கு ஆட்டம் கண்டுவிட்டது என்று உணர்ந்தவனே வரும் செய்தியைக் கவனமாகக் கேட்கிறான். ஆனால் அச்செய்தி தெளிவாக வரவேண்டும். தன்மேல் ஐயமும், செய்தியிலும் மங்கலும் ஒருங்கே சேர்ந்துவிட்டால், கை எதைப் பற்றிக்கொண்டு கற்கும்?

பெரிய பிழை பெரிய பாடம் தரும் என்று நாம் நினைப்பதுண்டு. அதே இருவர் 2009-இல் காட்டியது வேறு. சிறிய பிழைகளைக் கை தன்னுடையவை என்று ஏற்று, அளவுக்கேற்பத் திருத்திக்கொள்கிறது. பிழை மிகப் பெரிதாகும்போது, அதற்கேற்ற அளவு திருத்தம் நிகழ்வதில்லை. 'இது என்னால் நேர்ந்ததாக இராது' என்பதுபோல் உடல் அதில் பெரும்பகுதியைத் தள்ளிவிடுகிறது. கடினமான வேலையைத் தலைமேல் சுமத்தினால் பிள்ளை கற்றுக்கொள்வான் என்னும் தந்தையர் இதைச் சற்று எண்ணலாம்.

உலகம் நிலையாயிருக்கிறதா என்பதையும் உடல் கவனிக்கிறது. பால்ட்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹெர்ஸ்ஃபெல்ட், ரேசா ஷத்மேர் முதலியோர் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. கையைத் தள்ளும் விசை சில நேரம் ஒரே திசையில் நீடித்தது. சில நேரம் இங்குமங்குமாக அடிக்கடி மாறியது. நீடித்தபோது ஒவ்வொரு பிழையிலிருந்தும் மக்கள் மிகுதியாகக் கற்றனர். அடிக்கடி மாறியபோது குறைவாகவே கற்றனர். இன்று இடப்பக்கம், நாளை வலப்பக்கம் என்று மாறிக்கொண்டேயிருக்கும் பிழைக்காகத் தன்னைத் திருத்திப் பயனில்லை என்று உடல் தீர்மானித்துவிடுகிறது. இதை மந்தம் என்று சொல்வது தகாது. தற்காப்பு என்பதே பொருந்தும்.

இங்கே வாசகர் ஒரு தடை எழுப்பலாம்: 'அப்படியானால் மாற்றமே இல்லாத பயிற்சிதான் நல்லதா? ஒரே செயலை ஒரே விதமாக நூறு முறை செய்யவைத்தால் போதுமா?' அதுவும் சரியில்லை. கனடாவில் கெர், பூத் என்னும் இருவர் 1978-இல் வெளியிட்ட சோதனை இன்றும் பேசப்படுகிறது. எட்டு வயதுப் பிள்ளைகள், தானியம் நிரப்பிய சிறு துணிப்பைகளை ஓர் இலக்கின்மேல் எறிந்து பழகினர். ஒரு கூட்டத்தார் 3 அடித் தொலைவிலிருந்தே பழகினர். மற்றவர் 2 அடியிலிருந்தும் 4 அடியிலிருந்தும் மாறி மாறிப் பழகினர். 3 அடியில் அவர்கள் பழகவேயில்லை. முடிவில் எல்லோரையும் 3 அடியிலிருந்து எறியச் சொன்னபோது, அங்கே பழகாதவர்களே மேலாக எறிந்தனர்! பிற்காலத்தில் இதேபோல் செய்து பார்த்த எல்லாச் சோதனைகளும் இதே விடையைத் தரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதற்கும் பால்ட்டிமோர் முடிவுக்கும் பகை இல்லை என்பதே என் கருத்து. அப்பிள்ளைகளுக்குத் தொலைவு மாறியது. ஆனால் எறிந்த பை எங்கே விழுந்தது என்ற செய்தி மாறாமல் நேர்மையாக இருந்தது. 2 அடிக்கு இவ்வளவு, 4 அடிக்கு இவ்வளவு என்று கை ஒரு விதியையே கற்றுக்கொள்ள முடிந்தது. அடுப்பில் விறகும், மண்ணெண்ணெயும், பின்னர் எரிவாயுவும் எரித்துப் பழகிய நம் பாட்டிமார் எந்த அடுப்பிலும் பால் பொங்கி வழியாமல் இறக்குவது இத்தகைய கல்வியே. வேலையில் மாற்றம் இருக்கலாம். செய்தியில் முரண்பாடு இருக்கலாகாது.

பக்கவாதத்துக்கு இவையெல்லாம் எந்த அளவு பொருந்தும்? மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை நலமுள்ளவர்களைக் கொண்டு, மூடிய அறையில், மிகச் சிறிய அசைவுகளில் செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே நோயாளியின் கட்டிலுக்குக் கொண்டுவருவது பிழையாகும். ஆயினும் ஒரு நல்ல சான்று உண்டு. அதுவும் பால்ட்டிமோரில் கிடைத்ததே, 2007-இல் வெளிவந்தது. பக்கவாதத்தால் ஒரு கால் எட்டுக் குறுகியும் மறு கால் எட்டு நீண்டும் நடப்பவர்களை, இடக்காலுக்கு ஒன்று வலக்காலுக்கு ஒன்று என இரண்டு ஓடுபட்டைகள் உள்ள நடைப்பயிற்சி இயந்திரத்தில் நிறுத்தினர். இரு பட்டைகளையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டு, அவர்களுடைய நொண்டலைக் குறைப்பதற்குப் பதிலாக வேண்டுமென்றே கூட்டினர். உடல் அந்தப் பெரிதாக்கிய பிழையை உணர்ந்து எதிர்த்திசையில் திருத்தத் தொடங்கியது. பின்பு இரு பட்டைகளையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தபோது, ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ட அதே பின்விளைவு தோன்றியது: சிறிது நேரத்துக்கு அவர்களுடைய எட்டுகள் ஏறத்தாழச் சமமாயின!

சிறிது நேரம்தான். எனினும், 'இந்த மூளைக்கு இனிக் கற்கும் ஆற்றல் இல்லை' என்ற அவநம்பிக்கைக்கு அந்தச் சிறிது நேரமே போதுமான மறுப்பு. 2013-இல் வெளிவந்த தொடர் ஆய்வில், நான்கு வாரம் இப்பயிற்சியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது எட்டுகளின் ஏற்றத்தாழ்வு குறைந்தது தெரியவந்தது. எல்லா நோயாளிகளுக்கும் ஒரே பயன் கிட்டியதாக யாரும் சொல்லவில்லை. நம் ஊர்களில் இவ்வியந்திரத்தைத் தேடி அலையவும் வேண்டாம். அதை விளக்கியதன் நோக்கம் ஒன்றே: பிழை என்பது துடைத்து மறைக்க வேண்டிய அழுக்கு என்று நாம் எண்ணுகிறோம், நோயுற்ற உடலுக்கோ அதுவே செய்தி.

மீண்டும் அந்தப் பெரியவரின் மேசைக்கு வருவோம். அவருடைய கை தன்னையே ஐயுறும் நிலையில் இருந்தது. ஆகவே கற்க ஆயத்தமாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று குரல்கள். மாலை வெளிச்சம் போதவில்லை. தம்ளரும் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் வைக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, கை தவறுமுன்னரே அன்பான ஒரு கை குறுக்கே வந்து தம்ளரை எடுத்துக்கொண்டது. அதனால், 'எவ்வளவு தவறினேன்' என்ற செய்தி ஒருமுறையும் முழுமையாக வந்து சேரவில்லை. பராமரிக்கும் குடும்பங்களில் அயர்வினாலும் இரக்கத்தினாலும் இது நிகழ்வது இயல்பு. அதற்காக அவ்வீட்டாரை யார் குறைகூற முடியும்? நானே அவ்விடத்தில் இருந்திருந்தால் தம்ளரை எடுத்துக் கொடுத்திருப்பேன்.

அவருக்குப் பயிற்சி அளிக்க வந்துகொண்டிருந்த பிஸியோதெரபி நிபுணரிடம் வீட்டார் இதையெல்லாம் கேட்டனர். கை தூக்கும் அளவுக்கு வலு இருக்கிறதா, தோள்மூட்டுக்கு ஊறு வருமா, விழுங்குவதில் இடர் உண்டா என்பவற்றைப் பார்த்த பின்னரே அவர் ஒப்புக்கொண்டார். இவற்றைப் பார்க்காமல் யாரும் வீட்டிலே தாமாகத் தொடங்க வேண்டாம். புரையேறுவது பக்கவாத நோயாளிக்கு உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

அதன்பின் இரண்டு மாதம் கழித்து மறுபடியும் சென்றேன். பக்கவாதம் வந்த முதல் மாதங்களில் உடல் தானாகவே ஓரளவு தேறுவது உண்டு. ஆகவே எது எதனால் நேர்ந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. கண்டதைச் சொல்கிறேன். மேசை சன்னலோரம் வெளிச்சத்துக்கு நகர்த்தப்பட்டிருந்தது. தம்ளர் வைக்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம். தம்ளரில் கால் பங்கு தண்ணீர் மட்டும். எதிரே மனைவி ஒருவர்தாம் அமர்ந்திருந்தார். கை நின்ற பிறகே, "இன்னும் ரெண்டு விரல் இந்தப் பக்கம்" என்பதுபோல் ஒரு சொல் சொன்னார். அதற்கு முன் வாய் திறக்கவில்லை. மகன் கதவருகில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

முதல் முறை கை தம்ளரைத் தாண்டிச் சென்றது. இரண்டாம் முறை தம்ளரைத் தட்டி வட்டத்துக்கு வெளியே தள்ளியது. மனைவி அதைத் திரும்ப வட்டத்தில் வைத்தார். மூன்றாம் முறை விரல்கள் அதைச் சுற்றி மடங்கின. நடுக்கத்தோடு தம்ளர் எழுந்தது. வாயை அடையுமுன் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. மீதியை அவர் குடித்தார். மருமகள் துண்டை எடுத்துக்கொண்டு விரைந்தார். மாமியார் கண்ணாலேயே அவரை நிறுத்தினார். பெரியவர் தம்ளரைக் கீழே கொண்டுவந்து, ஓரமாகச் சாய்த்து, பின் நிமிர்த்தி, வட்டத்துக்குள் வைத்தார். அதற்குப் பிறகுதான் துண்டு வந்தது.